வால்டியூப் இஞ்சினியரிங்

பெரணமல்லூர் போயிருந்தப்ப அக்கா பையன் கேட்டான்: "மாமா, செல்போன் டவர்ல ஏன் முக்கோணம் முக்கோணமா கம்பி வச்சிருக்காங்க?" நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்ச மாமா திருதிருன்னு முழிச்சேன் :-(

காப்பாத்தினவர் அரவிந்த் குப்தா. 1975ல் கான்பூர் ஐ.ஐ.டி. பட்டம், அப்புறம் டெல்கோ வேலை. 1978ல் லீவு போட்டுட்டு, மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் கிராமப் பள்ளி அறிவியல் திட்டத்துல சேர்ந்தார். அங்கேதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் இணைச்சு வடிவங்கள் செய்ய ஆரம்பிச்சார். பின்னாடி புத்தகம், வீடியோன்னு எல்லாத்தையும் தன் இணையதளத்துல இலவசமா ஏத்திட்டார், தமிழிலும் இருக்கு. 2018ல் பத்மஸ்ரீ.

சைக்கிள் கடையில வால்டியூப் வாங்கிட்டு வந்து நாங்களும் செஞ்சோம். சதுரத்தை அமுக்கினா சாஞ்சுது. முக்கோணம் அசையவே இல்ல. டவர் ரகசியம் பையனுக்குப் புரிஞ்சது. எனக்கும்தான்!

எனக்கு நாலு வருஷத்துல யாரும் ஒரு தீக்குச்சி கூட கையில குடுக்கலயே மக்கா... உங்க வீட்டு வாண்டுகளுக்காவது குடுங்க.