மே 1 லீவு: மெரினா மணலில் கேட்டது, உங்க காலண்டருக்கு வந்த கதை

மே 1 காலையில் உங்க தெரு முனையைக் கவனிச்சிருக்கீங்களா? ஆட்டோ ஸ்டாண்டில் புதுசா பெயின்ட் அடிச்ச கொடிக்கம்பம், வாழைமரம், ஒரு ஸ்பீக்கர். வயசுல மூத்த டிரைவர் ஒருத்தர் கொடியேத்துவார். போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பாங்க. பத்து மணிக்குள்ள முடிஞ்சு, ஆட்டோக்கள் சவாரிக்குக் கிளம்பிடும்.

லீவுன்னு வீட்டில் இருக்கிற நீங்க மிட்டாய் வாங்கிக்கிறீங்க. லீவு நாளைக் கொண்டாடுற அவர், அன்னைக்கும் வண்டி ஓட்டப் போறார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்க, 1923-க்குப் போகணும்.

1923-ல் என்ன நடந்தது?

இந்தியாவின் முதல் மே தினக் கொண்டாட்டம் நடந்தது சென்னையில்தான். ஒரே நாளில் இரண்டு கூட்டங்கள்: ஒன்று திருவல்லிக்கேணி கடற்கரையில், இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில். ஏற்பாடு செய்தவர் ம. சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்த வக்கீல். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் தொழிலையே விட்டவர். அப்போ அவருக்கு வயது 63. மகளோட சிவப்புச் சேலையைக் கிழிச்சுத்தான் கொடி செய்தார்னு ஒரு கதை சொல்வாங்க. ஆதாரம் கேட்டா கஷ்டம், ஆனா மேடைக்கு மேடை இன்னும் ஓடுது.

கதையை விட முக்கியமானது அங்கே போட்ட தீர்மானம். மே 1-ஐ அரசு விடுமுறையாக அறிவிக்கணும். அவ்வளவுதான் கேட்டாங்க. அன்றைய தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு ஆளை ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அந்தக் காலத்தில் சம்பளத்தோட ஒரு நாள் லீவு என்பது பெரிய துணிச்சல்.

சிகாகோ எங்கே வருது?

1886 மே 1-ல் எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தாங்க. மூன்று நாள் கழித்து சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் குண்டு வெடிச்சது. அந்த வழக்கில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டாங்க. அந்த நினைவில்தான் உலகம் மே 1-ஐக் கொண்டாடுது. ஆனா அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பரில்!

சென்னையில் ஏன்?

ஏன்னா பெரம்பூரில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் ரெண்டும் பின்னி கம்பெனி நிர்வாகத்தில் இருந்தவை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் மட்டும்தான் என்பது தொழிலாளர்களின் ஆரம்பப் புகார்களில் ஒன்று. 1918 ஏப்ரலில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. போன்றவர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. தலைவர் பி.பி. வாடியா. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு இதைத்தான் சொல்றாங்க.

கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக் கூடாதுன்னு சங்கத் தலைவர்களுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது நாட்டுக்கே அப்போதான் உறைச்சது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததுக்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

இதில் பெருமை மட்டும் இல்லை. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினாங்க. அது சாதி மோதலாக மாறி, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. சங்கம் உடைஞ்சது முதலாளியால் மட்டும் இல்லை. மே தின மேடைகளில் இதை அதிகம் பேசுறதில்லை. பேசணும்.

லீவு எப்போ கிடைச்சது?

எட்டு மணி நேரத்துக்கான வாரம் 48 மணி நேர வரம்பு 1946 திருத்தத்தில் வந்தது. வைஸ்ராய் நிர்வாக சபையில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் அதற்கான வேலைகள் நடந்தன. மே 1 லீவு அதுக்கும் பின்னாடி. தமிழ்நாட்டில் 1960-களின் கடைசியில், திமுக ஆட்சியில்தான் கிடைச்சது.

சிந்தாதிரிப்பேட்டையில் பழைய நேப்பியர் பூங்கா இப்போ மே தினப் பூங்கா. 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எதிர்ப்பு கிளம்பி மூணே நாளில் நிறுத்தி வெச்சாங்க. அது வாபஸ்னு முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவிச்சது மே 1 அன்னைக்கு, அதே பூங்காவில். மெரினா கூட்டத்துக்குச் சரியா நூறு வருஷம் கழிச்சு.

உங்களுக்கு இது பொருந்துமா?

தமிழ்நாட்டில் வேலை பார்த்தா, 1958-ம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் சம்பளத்தோட லீவு. தொழிற்சாலைக்கு மட்டுமில்ல, கடைகள், அலுவலகங்களுக்கும் சேர்த்துத்தான். ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடை எதுவும் இல்லைன்னு மாநில அரசு 2016-லேயே தெளிவுபடுத்திடுச்சு. பெங்களூரில் இருக்கீங்கன்னா, கர்நாடகாவுக்குத் தனிச் சட்டம், அதிலும் மே 1 உண்டு.

ஆனா உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வர்ற டெலிவரி ஊழியருக்கு இந்த லீவு இல்லை. ஆப் கம்பெனிகள் அவரை 'பார்ட்னர்'னு சொல்லுது, ஊழியர்னு இல்லை. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர்னு ஒரு பெயரைக் கொடுத்தது. சம்பளத்தோட லீவைக் கொடுக்கலை.

'கிளையன்ட் யு.எஸ்., அங்கே மே 1 லீவு இல்லையே'ன்னு மேனேஜர் கூப்பிட்டா? சட்டத்தில் விலக்கு பெற்ற பதவியில் நீங்க இல்லைன்னா, அன்னைக்கு வேலை பார்த்ததுக்கு ரெட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோட வேறொரு நாள் சம்பளத்துடன் லீவு. ரெண்டில் எதுன்னு ஹெச்.ஆர். கிட்ட மெயிலில் கேளுங்க. போனில் வேண்டாம்.