படிப்படியாய் ஒரு பாதை: கடாரம் வழியே வந்த பௌத்தக் கல்வி

எந்தக் கல்விக்கும் ஒரு வரிசை உண்டு. பாலர் பள்ளிப் பிள்ளையிடம் எஸ்.பி.எம். கேள்வித்தாளை யாரும் நீட்டுவதில்லை. ஆனால் சமயம் என்று வந்துவிட்டால் பலருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. அடிப்படை ஒழுக்கத்தைத் தாண்டிக் குதித்து, நேரே தியானத்தின் உச்சியில் போய் உட்கார நினைக்கிறார்கள்.

இந்த அவசரம் புதியதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பௌத்த ஆசான்கள் இதை எதிர்கொண்டார்கள். அதற்கு அவர்கள் கண்ட மருந்துதான் படிநிலைக் கல்வி. அதன் முக்கியமான சில படிகள் மலாக்கா நீரிணையை ஒட்டிய நமது வட்டாரத்தில் அமைந்திருந்தன என்பது பலர் அறியாத செய்தி.

கி.பி. 671-இல் சீனத் துறவி இ-சிங் குவாங்சௌவிலிருந்து கப்பலேறினார். அவருடைய இலக்கு நாளந்தா. ஆனால் அவர் நேரே அங்கே போய்விடவில்லை. சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதங்கள் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் பயின்றார். பிறகு மலாயு, கடாரம் வழியாகச் சென்று, 673-இல் வங்கத்தின் தாம்ரலிப்தித் துறைமுகத்தை அடைந்தார். நாளந்தாவில் சுமார் பத்தாண்டுகள் கற்றார்.

திரும்பும் வழியில் மீண்டும் ஸ்ரீவிஜயத்தில் தங்கி நூல் எழுதினார். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவிகள் முதலில் இங்கே ஓரிரு ஆண்டுகள் தங்கி, முறைகளைப் பழகிக்கொண்டு செல்லலாம் என்பது அவரது அறிவுரை. முதலில் மொழி, அடுத்து ஒழுக்கம், அதன் பிறகே தத்துவம். இதுவே அவர் நடந்து காட்டிய வழி.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, எதிர்த்திசையிலிருந்து ஒருவர் வந்தார். அவர் 982-இல் வங்கத்தில் பிறந்த அதீசர். இந்தியாவில் பல ஆசான்களிடம் கற்றுத் தேர்ந்த பிறகும் ஒரு குறை அவருக்கு இருந்தது. எல்லா உயிர்களின் துன்பத்தையும் தன் துன்பமாகக் கருதும் உள்ளத்தை எப்படி வளர்ப்பது? அதைக் கற்க, சுவர்ணதுவீபம் எனப்பட்ட சுமத்ராவில் இருந்த தர்மகீர்த்தி என்ற ஆசானைத் தேடி வந்தார். கடற்பயணம் மட்டும் பதின்மூன்று மாதங்கள் பிடித்தது என்றும், பன்னிரண்டு ஆண்டுகள் அவரிடம் பயின்றார் என்றும் திபெத்திய மரபு சொல்கிறது.

தத்துவக் கொள்கையில் குருவும் சீடரும் ஒன்றுபடவில்லை. ஆயினும் அந்த குருவின் பெயரைக் கேட்டாலே அதீசர் கைகூப்புவாராம்.

இங்கே தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸ்ரீவிஜயத்தை ஆண்ட சூடாமணிவர்மனின் பெயரில்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அதைக் கட்டியவர் அவருடைய மகன். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் தானமாக வழங்கினான். 1025-இல் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. அதீசர் தாயகம் திரும்பியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

பிற்பாடு திபெத்தின் குகே அரசு அவரை அழைத்தது. 1042-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கு நிலைமை குழம்பியிருந்தது. சிலர் விதிகளே போதும் என்றனர். சிலர் ஒழுக்கத்தைக் கைவிட்டு மந்திர நெறியை நேரடியாகக் கையில் எடுத்தனர். எல்லாருக்கும் பொதுவான ஓர் உபதேசம் வேண்டும் என்று அரச குலத்துத் துறவியான சங்சுப் ஓ கேட்டுக்கொண்டார்.

அதற்கு விடையாக அதீசர் இயற்றியது 'போதிபதப் பிரதீபம்'. எழுபதுக்கும் குறைவான செய்யுள்கள்தாம். அதில் மனிதர்களை மூன்று நிலையினராக அவர் பிரிக்கிறார். உலக இன்பத்தைத் தனக்காக நாடுபவர் முதல் நிலை. பிறவித் துன்பத்திலிருந்து தான் விடுபட முயல்பவர் இடைநிலை. எல்லா உயிர்களின் துன்பமும் தீர வேண்டும் என்று உழைப்பவர் உயர்நிலை. மந்திர நெறி அந்த நூலில் கடைசியாகவே வருகிறது. அதுவும் துறவிகளுக்குக் கட்டுப்பாடுகளோடு.

இந்தச் சிறு நூலே பிறகு 'லாம்ரிம்', அதாவது பாதையின் படிகள், என்ற கல்வி மரபுக்கு வித்தானது. 1402-இல் சொங்காபா இதை அடியொற்றி ஒரு பெருநூல் எழுதினார். மரணம், வினை, சரணம் ஆகியவற்றைச் சிந்திப்பதில் தொடங்கி, துன்பத்தின் காரணத்தை ஆராய்ந்து, கருணையிலும் மெய்ஞ்ஞானத்திலும் கொண்டுபோய் விடும் அந்தப் பாடமுறை இன்றும் கற்பிக்கப்படுகிறது.

கீழ்ப்படியில் நிற்பவரை இந்த முறை இழிவாகப் பார்ப்பதில்லை. மேல்நிலைக்குப் போனவரும் முதற்படியின் பாடத்தைக் கைவிடுவதில்லை. பெரிய பண்டிதரான பிறகும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது என்று கடல் கடந்து வந்து மாணவராக அமர்ந்தாரே அதீசர், அந்தப் பணிவு இன்று கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும், கற்றுவிட்டோம் என்று எண்ணும் பெரியவர்களுக்கும் வேண்டும்.