எட்டுப் பேருக்கு ஒரு பானை

ஸ்ரீரங்கத்துக்குச் சாரணர்கள் எப்போது வந்தார்கள் என்று யாராவது கேட்டால், நான் கொஞ்சமும் யோசிக்காமல், "சிலப்பதிகார காலத்தில்" என்று பதில் சொல்லிவிடுவேன். கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும், நான் சொல்வது பொய்யல்ல. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் பூம்புகாரிலிருந்து மதுரைக்கு நடந்து போகும் வழியில் திருவரங்கத்துச் சோலையில் தங்குகிறார்கள். அங்கே அவர்கள் முன் தோன்றி அறவுரை சொல்கிறவர்களுக்குச் சாரணர் என்றுதான் பெயர். அதற்குப் பிறகு மூவரும் ஓடம் ஏறித் தென்கரை சேர்ந்து உறையூருக்குப் போகிறார்கள்.

அந்தச் சாரணர்கள் சமண முனிவர்கள் என்பதையும், அரைக்கால் சட்டை போட்டு விசில் ஊதியவர்கள் அல்ல என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாரணன் என்ற சொல்லுக்கு நம் பாஷையில் ஒற்றன் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. ஆங்கிலத்தில் 'ஸ்கௌட்' என்பவன் யார்? படைக்கு முன்னால் போய் வழியையும் எதிரியையும் பார்த்து வருகிறவன். ஆகவே, அந்த அன்னியச் சொல்லுக்கு இந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடிக் கொடுத்த புண்ணியவான் யாராயிருந்தாலும் அவருக்கு ஒரு ஜே போடலாம். ஒரே சொல்லில் முனிவனும் இருக்கிறான், வேவுகாரனும் இருக்கிறான். பன்னிரண்டு வயதுப் பையனிடமும் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்பது பையன்களைப் பெற்றவர்களுக்குத் தெரிந்த விஷயந்தானே?

இந்த ஆராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டது மணப்பாறை. முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பெயர் போன அந்த ஊரின் சிப்காட் வளாகத்தில், 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரையில், பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழா ஜாம்போரி நடந்தது. சுமார் 20,000 பிள்ளைகளும் பெண்களும் பொட்டலில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மூன்று கிழவர்கள், ஒரு நாள் சாயங்காலம் சித்திரை வீதியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் சாரண ஆசிரியராக இருந்தவர். இன்னொருவர் பொன்மலை ரயில்வேக்காரர். ரயில்வே சாரணர்களுக்குத் தலைவராயிருந்தவர். மூன்றாமவர் பாங்கில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளைப் பையன்களுக்குக் கொடுத்தவர். மூவரும் சம்பளம் வாங்காமல் முப்பது வருஷம் உழைத்தவர்கள். சம்பளம் வாங்காத வேலையில்தான் மனிதர்கள் இவ்வளவு கோபதாபத்தோடு அபிப்பிராய பேதம் கொள்ள முடியும் என்பது என் அனுபவம்.

"இப்போது முகாமுக்குச் சமையற்காரரைக் கூட்டி வருகிறார்களாம். அப்புறம் அது முகாமா, கல்யாணமா?" என்றார் ஆசிரியர்.

"இருபதினாயிரம் பேருக்கு நீர் கல் அடுக்கிச் சுள்ளி பொறுக்கப் போகிறீரா?" என்றார் ரயில்வேக்காரர்.

பாங்குக்காரர் என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும். நீரும் ஒரு காலத்தில் சாரணன்தானே?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இயக்கத்தின் கதை வாசகர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். தென்னாப்பிரிக்காவில் மாபெகிங் என்ற ஊரை 217 நாள் முற்றுகையில் காத்து நின்ற ராணுவ அதிகாரி பேடன் பவல், அங்கே சிறுவர்கள் செய்தி சுமந்து திரிந்த சாமர்த்தியத்தைப் பார்த்தார். 1907-ல் இங்கிலாந்தில் பிரௌன்ஸீ என்ற தீவுக்கு இருபது பையன்களைப் போல அழைத்துப் போய் முகாம் போட்டார். அந்தக் கூட்டத்தில் சீமான் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். அந்த நாள் இங்கிலாந்தில் அது சின்ன விஷயமல்ல. நாம்தான் ஜாதி பார்க்கிறவர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய ஜாதிக்குப் பெயர் வேறு, அவ்வளவே.

1909-ல் காப்டன் பேக்கர் என்பவர் பெங்களூரில் முதல் சாரணப் படையை ஆரம்பித்தார். ஆனால் அதில் சேர ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குந்தான் இடம். இந்தியப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கவும், சைகையில் செய்தி அனுப்பவும், அணிவகுத்து நடக்கவும் கற்றுக் கொடுத்தால், அவர்கள் அந்த வித்தையை யாருக்கு எதிராகப் பிரயோகிப்பார்கள் என்று சர்க்காருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் முழுக்க முழுக்க நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கதவைத் தட்டித் திறந்தவர் அன்னி பெஸண்ட் அம்மையார். 1916-ல் சென்னையில் அருண்டேலின் துணையோடு இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. அதே வருஷந்தான் அவர் ஹோம்ரூல் சங்கத்தையும் ஆரம்பித்தார். மறு வருஷம் அவரையும் அருண்டேலையும் சர்க்கார் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. வடக்கே மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் படையைக் கட்டினார்கள். 1921-ல் பேடன் பவலே இந்தியாவுக்கு வந்தபோது, அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்தோடு சேர்ந்தது. சேவா சமிதி சேரவில்லை.

சேராததற்கு முக்கியமான ஒரு காரணம் உறுதிமொழி. சாரணன் கடவுளுக்கும் மன்னருக்கும் தன் கடமையைச் செய்வதாகச் சொல்ல வேண்டும். கடவுள் சரி, மன்னர்? பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று விரலை உயர்த்தி வாக்குக் கொடுக்கிறான். யாருக்குக் கொடுக்கிறான் என்பது சாதாரணக் கேள்வியா?

இந்தக் கேள்விக்குத் திருச்சிராப்பள்ளியிலேயே வேறொரு விதமாகப் பதில் கிடைத்தது. 1930 ஏப்ரல் 13-ந் தேதி, திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் நூறு பேரைப் போல வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். ராஜன் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். சுமார் 150 மைல் நடை. விடியற்காலையில் எழுந்திருப்பது, வரிசையாக நடப்பது, கிடைத்த இடத்தில் தங்குவது, தலைவன் சொல்லுக்குக் கட்டுப்படுவது. தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன், இவர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக் கிளைகளில் கட்டிவிட்டு ஒன்றும் அறியாதவர்கள் போல் இருந்தார்கள் என்பார்கள். காக்கி உடுத்தாத அந்தக் கூட்டத்தைச் சாரணர் படை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாரணத்தின் இலக்கணம் ஒன்றாவது அதில் குறைந்ததா?

1937-ல் டில்லி ஜாம்போரிக்குப் பேடன் பவல் மறுபடியும் வந்தார். அதன்பின் அவர் இந்தியர்களின் குணத்தைப் பற்றிச் சொன்ன சில வார்த்தைகள் நம்மவர்களின் மனத்தைப் புண்படுத்தின. 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியாகப் பிறந்தது. சுதந்திரம் வந்தபிறகு, 1950 நவம்பர் 7-ந் தேதி பிரிந்திருந்த சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கமாயின. அடுத்த வருஷம் பெண்களின் இயக்கமும் வந்து சேர்ந்தது. உறுதிமொழியில் மன்னர் போய் நாடு வந்தது. கடவுள் என்று சொல்ல மனமில்லாதவன் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் விதியில் இடம் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பகுத்தறிவுக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு சௌகரியம்!

ஆக, வாக்கு யாருக்கு என்ற கேள்வி தீர்ந்தது. கை எது என்ற கேள்வி பாக்கி. சாரணர்கள் இடக்கையால் கை குலுக்குவார்கள். ஆப்பிரிக்காவில் அஷாந்தி தேசத்துத் தலைவன் ஒருவன், "மகா வீரன் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு இடக்கையைத்தான் நீட்டுவான்" என்று பேடன் பவலுக்குச் சொன்னதாகக் கதை. இருதயத்துக்குப் பக்கத்துக் கை என்றும் வியாக்கியானம் செய்வதுண்டு. ஸ்ரீரங்கத்திலோ, வலக்கையில் வாங்கினால்தான் தீர்த்தம். நான் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து என் பாட்டியிடம் பெருமையாக இடக்கையை நீட்டினேன். "ஏண்டா, வலது கையில் என்ன காயம்?" என்று அவள் பதறிப்போனாள்.

மூன்றாவது கேள்வி பானை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. திருச்சி வரகனேரியில் பிறந்த வ. வே. சு. ஐயர் துப்பாக்கிக்கு அஞ்சாதவர். 1922-ல் அவர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தத் தொடங்கினார். அங்கே பிராமணப் பையன்கள் இருவருக்கு மட்டும், பெற்றோர் விருப்பப்படி, தனியாகச் சாப்பாடு போட்டார்கள். இரண்டே இலைகள். அந்த இரண்டு இலைகளிலிருந்து புறப்பட்ட புயல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே கலக்கியது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எதிர்த்து நின்றார்கள். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர் நீத்தார். அப்பேர்ப்பட்ட தைரியசாலியைத் திணற அடித்தது ஒரு பந்தி.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1964-ஆம் வருஷம். நாங்கள் முக்கொம்பில் மூன்று நாள் முகாம் போட்டோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டத் தொடங்கிய மேலணை அங்கேதான் இருந்தது. அணி ஒன்றுக்கு எட்டுப் பையன்கள், ஒரு பானை, ஒரு கரண்டி. முறை போட்டுச் சமைக்க வேண்டும். என் பாட்டி எனக்குத் தனியாக ஒரு வெண்கல உருளி, அவல், வெல்லம், எல்லாம் மூட்டை கட்டி, "அங்கே எதிலும் வாயை வைக்காதே" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் நாள் இரவு, ஏழு பேர் பானையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட, நான் கூடாரத்தில் இருட்டில் அவல் மென்றேன். சாரண ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சமையல் முறை ஓர் ஓடக்காரருடைய பிள்ளைக்கு. அவன் சோற்றை அடிபிடிக்க விட்டான். குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டான். எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே பரிமாறி வந்தவன், என் எதிரில் நின்று, கரண்டியை நீட்டுவதா, வேண்டாமா என்று தயங்கினான். அந்தத் தயக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. நான் தட்டை நீட்டினேன். அந்தச் சோறு மாதிரி மோசமான சோற்றை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினேன். பாட்டி வாசலிலேயே, "அங்கே சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன்.

சாரணச் சட்டத்தில் முதல் விதி, சாரணன் நம்பத் தகுந்தவன் என்பது. மற்ற சாரணர்கள் எல்லோருக்கும் அவன் சகோதரன் என்றும் ஒரு விதி உண்டு. முக்கொம்பில் ஒன்றைக் காப்பாற்றினேன். சித்திரை வீதியில் மற்றொன்றை உடைத்தேன். அந்த மூட்டையை அறுபது வருஷமாகச் சுமந்து வந்து, அன்று திண்ணையில் அந்த மூன்று பேருக்கு முன்னால் இறக்கி வைத்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"பாட்டிக்குத் தெரியாதா?" என்று கேட்டார் பாங்குக்காரர்.

அதுவும் சொல்லத்தான் வேண்டும். அன்று பாட்டி மூட்டையைப் பிரித்தாள். அவல் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. உருளியில் கரி படவே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். "போய்க் குளித்துவிட்டு வா" என்றாள். அவ்வளவுதான். மறு வருஷம் முகாமுக்குப் புறப்பட்டபோது உருளியும் இல்லை, அவலும் இல்லை. ஒரு பெரிய ஜாடியை என் கையில் கொடுத்தாள். புளிக்காய்ச்சல்.

"எட்டுப் பேருக்குக் காணும். அந்தப் பிள்ளைகளுக்கு உப்புப் பார்த்துப் போடத் தெரியாது போலிருக்கிறது" என்றாள்.

உப்புச் சமாசாரம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. தூக்கத்தில் உளறினேனோ, ஓடக்காரர் அம்மா மண்டபத்துப் படித்துறையில் சொன்னாரோ, யார் கண்டது? எங்கள் வீட்டில் உண்மையான ஒற்றன் நான் அல்ல என்று மட்டும் தெரிந்தது.

ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதனால்தான் சொல்கிறேன். சமையற்காரரைக் கூட்டி வந்தால் இதெல்லாம் நடக்குமா?" என்றார்.

"அது சரி" என்றார் ரயில்வேக்காரர். இருந்தாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "சோற்றை யார் வேண்டுமானாலும் வடிக்கட்டும். பரிமாறுகிற கரண்டியைப் பையன்கள் கையில் கொடுக்கச் சொல்லும்" என்றார்.

சண்டை மறுபடியும் ஆரம்பமாயிற்று. கோவிலில் சாயரட்சை மணி அடித்தது. மூவரும் எழுந்தார்கள். விடை பெறும்போது ரயில்வேக்காரர் என்னிடம் கையை நீட்டினார், இடக்கையை. நானும் இடக்கையை நீட்டினேன். வீதியோடு போன ஒரு பையன் எங்களை வேடிக்கை பார்த்துவிட்டு, "பெரியவர்களுக்கு வலது கையில் என்ன?" என்று தன் தாயாரைக் கேட்டுக்கொண்டே போனான்.