வார்பர்க் நம்ப மறுத்த விழித்திரை

உயிர்வேதியியல் வகுப்பில் வார்பர்க் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் "புற்றுநோய்" என்பார்கள். விழித்திரையை ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

1920களில் பெர்லினின் டாலெம் பகுதியில், ஓட்டோ வார்பர்க் மெல்லிய திசுத் துண்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, வாயு அழுத்த மாற்றத்தைக் கொண்டே அவற்றின் சுவாசத்தைக் கணக்கிட்டார். புற்றுக்கட்டி, ஆக்சிஜன் தாராளமாக இருந்தும், குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கியது. எலியின் விழித்திரையும் அதையே செய்தது! நோயில்லாத திசு இப்படி நடக்கலாமா? பிரித்தெடுக்கும்போது பழுதாகியிருக்கும் என்று ஒதுக்கினார். மேதைதான், பிடிவாதமும் அதே அளவு.

பழுதல்ல, இயல்பே அதுதான் என்று பின்னால் தெரிந்தது. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் நோயல், குளுக்கோஸ் சிதைவைத் தடுக்கும் அயோடோஅசிட்டேட்டை முயல்களுக்குச் செலுத்தினார். ஒளியுணர் செல்கள் மடிந்தன. இவற்றின் பெரும் ஆற்றல் செலவு இருட்டில்தான்: ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல, உள்ளே புகும் சோடியத்தை ஓயாமல் வெளியேற்ற வேண்டும். அந்த 'இருள் மின்னோட்ட'த்தை 1970இல் ஹேகின்ஸ் குழு விவரித்தது.

இந்தக் குளுக்கோஸ் தேவை ஒரு நோயையும் விளக்க உதவியது. ஒளியுணர் செல்களில் குச்சி, கூம்பு என இரு வகை. பார்வையைப் பறிக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயில் மரபுக் கோளாறு பெரும்பாலும் குச்சி செல்களில்தான். கோளாறற்ற கூம்பு செல்களும் ஏன் பின்னாலேயே சாகின்றன? குச்சிகள் சுரக்கும் ஒரு புரதம், கூம்புகள் குளுக்கோஸை உள்வாங்கத் தூண்டுகிறது என்று 2015இல் பாரிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குச்சி போனால் கூம்பு பட்டினி. அந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கண்ணுக்குள் செலுத்தும் சிகிச்சை இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது.