மருமகள் இடம்பெறாத ஆவணங்கள்

கொல்லிமலைக்குத் தெற்கே, நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்த எருமப்பட்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும், கிணற்றுப் பாசனத்தையும் பருவமழையையும் நம்பிச் சின்ன வெங்காயம், நிலக்கடலை, சோளம் ஆகியவற்றைப் பயிரிட்டு வந்த உழவர் ஊர்கள் ஆதலால், முதியோரைப் பேணுதல் இங்கு நெடுங்காலம் நிலப் பங்கீட்டோடு பிணைந்தே இருந்தது. பாகப்பிரிவினை, அதாவது குடும்பச் சொத்தைப் பங்கிட்டுத் தனித்தனியே எழுதிக்கொள்ளுதல், நடக்கும்போது பெற்றோரின் பிழைப்புக்கென ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்படும். இல்லையேல், மகன்கள் முறை வைத்துச் சோறு போடுவது என்று பங்காளிகள் முன்னிலையில் பேசி முடிக்கப்படும். நகையும் சீரும் பெற்றுப் புகுந்த வீடு சென்ற மகள்கள் நிலத்தில் பங்கற்றவர்களாகவும், அதனாலேயே பெற்றோருக்குச் சோறிடும் கடமையற்றவர்களாகவும் கருதப்பட்டனர்.

இந்த ஏற்பாட்டில் பேசி முடிக்கப்பட்டது சோறு யார் பொறுப்பு என்பது மட்டுமே. ஆடு மேய்ப்பது, வெங்காயத்தாள் அரிவது, கடலை உடைப்பது என்று உழைப்பு ஓடிய வரையில், தோட்டத்துச் சாளையில், அதாவது நிலத்திலேயே கட்டிய சிறு குடியிருப்பில், வாழ்ந்த முதியவர் யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை. அவர் படுத்த படுக்கையானபின் களியைக் கரைத்துப் புகட்டுவது, கயிற்றுக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, மலசலம் எடுப்பது, நனைந்த துணியை அலசுவது, இரவில் முனகல் கேட்டு எழுவது ஆகிய அனைத்தும் மருமகளின் தலையில் விழுந்தன. முறை மூத்தவனிடமிருந்து இளையவனுக்கு மாறிவிட்டது என்று ஊர் சொன்னபோது, உண்மையில் ஒரு பெண்ணின் வேலைதான் மற்றொரு பெண்ணிடம் மாறியது.

ஆங்கிலேயர் காலச் சட்டம் இதில் தலையிடவில்லை. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே ஜீவனாம்சம், அதாவது பிழைப்புக்கான தொகை, கோரும் உரிமையைத் தந்தது. பெற்றோர் அந்தப் பட்டியலில் சேர்வதற்கு 1973ஆம் ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்கு முன்பே, காமராசர் ஆட்சியில், 1962 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநில அரசு மாதம் 20 ரூபாய் முதியோர் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. விண்ணப்பித்தவருக்குச் சொத்தும் பேணும் உறவும் இல்லை என்பதை ஊர்க் கணக்கை வைத்திருந்த கர்ணமும் வரி தண்டிய மணியக்காரரும் அடங்கிய அன்றைய வருவாய்த் துறை உறுதிசெய்ய வேண்டியிருந்தது; 1980இல் பரம்பரை ஊர் அலுவலர் பதவிகள் ஒழிந்தபின் அப்பணி கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. பணம் மணியார்டராக வந்தது. தபால்காரர் திண்ணையில் அமர்ந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுத்த அந்தத் தொகையே பல மூதாட்டிகள் தம் பெயருக்கென வாழ்நாளில் பெற்ற முதல் வருமானம். ஆனால் பேண மகன் இருக்கிறான் என்றால் உதவித்தொகை தேவையில்லை என்ற விதியின் அடியில், மகன் உள்ள வீட்டில் பேணலும் இருக்கும் என்ற ஊகம் கிடந்தது. அரசு அலுவலகம் ஊர்ப் பஞ்சாயத்தைவிட அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

பிற்காலத்தில் தொகை வளர்ந்தது. 1983இல் சத்துணவு மையங்களில் முதியோருக்கும் மதிய உணவு கிடைத்தது. 1995 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு தன் பங்காக 75 ரூபாய் தந்தது. 2011இல் ஆயிரமாகவும் 2023இல் 1,200 ஆகவும் மாநில அரசு தொகையை உயர்த்தியது.

இதற்கிடையில் வட்டாரத்தின் தொழிலே மாறியிருந்தது. நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகளும் ஆண்களை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வடமாநிலங்களில் நிறுத்தின. கோழிப்பண்ணைகள் பெண்களைக் கூலி வேலைக்கு இழுத்தன. பிள்ளைப்பேறு ஒன்று இரண்டோடு நின்றதால், முறை வைக்கப் பல மகன்கள் இல்லாத வீடுகள் பெருகின. பெண் பிள்ளைகளோ பிறந்ததுமே ஒதுக்கப்பட்டனர்: பெண் சிசுக்கொலை காரணமாக, கைவிடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது அதன் பகுதி. முதுமையில் தண்ணீர் தரும் கைகள் யாருடையவை என்பதைத் தன் வீட்டிலேயே கண்ட ஒரு சமூகம் அந்தக் கைகளையே வேண்டாம் என்று ஒதுக்கியது, இவ்வட்டார வரலாற்றின் கசப்பான முரண்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். பேணுவார் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பேணாதபோது 23ஆம் பிரிவின்கீழ் மீட்கலாம். அன்பின் பேரில் உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதித்தரும் தான செட்டில்மெண்டு பத்திரங்களுக்கு இப்பிரிவு பெருத்த முக்கியத்துவம் தந்தது. எனினும் இச்சட்டம் பிள்ளைகள் என்று குறிப்பிடுவது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை மட்டுமே. மருமக்களையும் சேர்க்க 2019இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை. அந்த மசோதாவும்கூட மருமகளைக் கடமைப்பட்டவராகவே சேர்க்க முயன்றதேயன்றி, ஏற்கெனவே பேணி வருபவராக அவரைப் பார்க்கவில்லை. மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை என்று நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் அளித்த புகார் தொடர்பான வழக்கில், செட்டில்மெண்டு ரத்தானது செல்லும் என 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மூதாட்டிக்கு நியாயம் செய்தது. ஆயினும் இத்தகைய வழக்குக் கட்டுகளில் மருமகளின் பெயர் ஏறுவது பேணாதபோதுதான் என்பதும் கவனிக்கத்தக்கது.

பேணுபவர் இருக்கும் வீட்டுக்கே அரசு ஆள் சென்றது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில்தான். இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு, இயன்முறைச் சிகிச்சையும் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க இதில் வழி செய்யப்பட்டது. பேணும் பெண்ணுக்குப் பகலில் சில மணிநேரமாவது ஓய்வு தரக்கூடிய பகல்நேர மையங்கள் ‘அன்புச்சோலை’ என்ற பெயரில் 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டன; அவை பெரிதும் மாநகரங்களை நோக்கியவை. எருமப்பட்டி போன்ற பேரூர்களில் அந்த ஓய்வு இன்றும், சட்டப்படி 1989 முதல் பூர்வீகச் சொத்தில் பங்கு பெற்றும் பெரும்பாலும் அதைக் கேளாத மகள், புகுந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து பத்து நாள் தாயோடு தங்கும்போதுதான் மருமகளுக்குக் கிடைக்கிறது.