சூனியக்காரியும் குருவானவரும்

1900 ஆம் ஆண்டிலே, பதினாறு வயதளவினனான ஆங்கில இளைஞன் ஒருவன் தோட்டத் தொழில் பயிலவென இலங்கைக்கு வந்து சேர்ந்தான். நம்மவர் கொழுந்து பறித்து நலிந்த மலைநாட்டிலே பல ஆண்டுகள் வாழ்ந்த அவன் பெயர் ஜெரால்ட் கார்ட்னர். பின்னர் போர்னியோ, மலாயா எனக் குடியேற்ற நாடுகளிலே தொழில் பார்த்து, 1936 இல் ஓய்வு பெற்றுத் தாயகம் மீண்ட இம்மனிதரே 'விக்கா' என வழங்கும் சமயத்தை உலகறியச் செய்தவர்.

கிறித்தவத்துக்கு முற்பட்ட பழஞ்சமயம் ஒன்றை மறைவாகப் பேணிவந்த குழுவினரைத் தென் இங்கிலாந்திலே தாம் கண்டதாக அவர் கூறினார். 1735 ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951 இல் நீக்கப்பட்டது. 1954 இல் 'இன்றைய சூனியம்' என்ற பொருள்படும் அவரது நூல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் மார்கரெட் மரே. ஐரோப்பாவிலே சூனியக்காரிகள் எனக் கொல்லப்பட்டோர் அப்பழஞ்சமயத்தின் அடியார்களே என்பது 1921 இல் அவ்வம்மையார் வெளியிட்ட நூலின் கொள்கை. பின்வந்த வரலாற்றாசிரியர் விசாரணை ஏடுகளை ஆராய்ந்து அதனைக் கைவிட்டனர். 1999 இல் வெளிவந்த றொனால்ட் ஹட்டனின் ஆய்வு, விக்காவை நவீன காலத்துப் படைப்பென நிறுவியது. ஏளனமின்றி எழுதப்பட்டமையாற் போலும், விக்கா நெறியினருட் பலரே அம்முடிவை ஏற்றுக்கொண்டனர்.

கிறித்தவர் விக்காவோடு முரண்படுவதற்கு நியாயமான இடமுண்டு. படைத்தவர் வேறு, படைப்பு வேறு என்பது கிறித்தவத்தின் அடித்தளம். விக்காவோ இயற்கையிலேயே தெய்வத்தைக் காண்பது; பெண் தெய்வத்தையும் ஆண் தெய்வத்தையும் போற்றுவது. செபம் இறைவனின் சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தல். மந்திரம் மனித சித்தத்தால் விளைவை நாடுதல். இவ்வேறுபாட்டை மழுப்புவது மரியாதையாகாது. ஆயின், விக்கா நெறியினர் சாத்தானை வழிபடுபவர் எனப் பிரசங்கிப்பது முரண்பாடன்று, அவதூறு. சாத்தான் என்பவனுக்கு அவர்தம் நம்பிக்கையிலே இடமேயில்லை.

அவதூறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1626 மே மாதத்திலே தென் ஜேர்மனியில் உறைபனி விழுந்து திராட்சையும் பயிரும் கருகின. முப்பதாண்டுப் போர் வேறு நாட்டை அரித்துக்கொண்டிருந்தது. பசித்தவர் காரணம் கேட்டனர். ஆட்சி சூனியக்காரியைக் காட்டிற்று. ஆயரே அரசராயிருந்த வூர்ஸ்பேர்க், பாம்பேர்க் பகுதிகளில் 1631 வரையிலான சில ஆண்டுகளுள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இக்காலத்திலேதான் பிரெடெரிக் ஸ்பே என்ற யேசு சபைக் குருவானவர் பேனா பிடித்தார்.

1631 இல், தம் பெயரை மறைத்து, புரட்டஸ்தாந்தரின் பல்கலைக்கழக நகரான றின்ரெல்னிலே அவர் தம் நூலை வெளியிட்டார். அவர் சூனியம் இல்லையென்று சொன்னவரல்லர் என்பதே நம்மை வியக்க வைப்பது. சூனியக்காரிகள் உளர் என்றே அவர் எழுதினார். ஆனால் வழக்குகளை நோக்கினார். சித்திரவதையில் ஒருத்தி ஒப்புக்கொண்டால் அவள் குற்றவாளி. வாய் திறவாவிட்டால் சாத்தான் அவளைத் தாங்குகிறான், ஆகவே குற்றவாளி. அஞ்சினாலும் குற்றம், அஞ்சாவிட்டாலும் குற்றம். வலி பொறாமல் அவள் அயலாரின் பெயர்களைச் சொல்ல, அவர்களும் அதே கொட்டடிக்கு வருவர். விசாரணையாளருக்கோ தலைக்கு இவ்வளவெனக் கூலி! இம்முறையிலே எவரையும் சூனியக்காரராக்கலாம், வதைப்பவரையுங்கூட, என்பது அவர் வாதம். சபைக்குள்ளேயே அவரை விலக்கக் கோரிய குரல் எழுந்தது. 1635 இல், திரியர் நகரிலே கொள்ளைநோயுற்ற போர்வீரரைப் பராமரித்து, அந்நோயாலேயே அவர் இறந்தார்.

புரட்டஸ்தாந்தரும் இக்குருதியிற் பங்காளரே. அமெரிக்காவின் சேலத்திலே 1692 இல் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சுவெல், 1697 இல் ஆலயத்திலே தம் மன்னிப்புரை வாசிக்கப்படச் சபைமுன் எழுந்து நின்றார். மற்ற நீதிபதிகள் அவ்வாறு நிற்கவில்லை.

நம் முற்போக்கு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலே தொண்ணூறு இலட்சம் பெண்கள் எரிக்கப்பட்டனர் என்ற கூற்றைத் திருச்சபைக்கு எதிராக வீசுவது பலருக்கு வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டிலே ஜேர்மன் எழுத்தாளர் ஒருவர் ஒரு வட்டாரத்துக் கணக்கைப் பெருக்கிப் பெற்ற தொகை அது. இன்றைய ஆய்வாளர் கூறுவது 40,000 முதல் 50,000 வரை. அவருள் நான்கில் மூன்று பங்கினர் அளவிற் பெண்கள், பெரும்பாலார் ஏழைகள். இத்தொகை போதாதென்று எவர் சொல்வார்?

1999 இல், டெக்சாஸ் மாநிலத்து இராணுவ முகாமொன்றில் விக்கா வீரர்கள் வழிபாடு நடத்தியபோது, சில கிறித்தவ அமைப்புகள் இராணுவத்திற் சேரவேண்டாமென இளைஞருக்கு அறைகூவின. அவ்வீரர்கள் இறந்தால் கல்லறைக்கல்லிலே அவர்தம் ஐங்கோண விண்மீனைப் பொறிக்கவும் அரசு அப்போது இடங்கொடுக்கவில்லை. வழக்குத் தொடுக்கப்பட்ட பின்னரே, 2007 இல், அந்த அடையாளம் அனுமதிக்கப்பட்டவற்றின் வரிசையிற் சேர்ந்தது. சிலுவை அவ்வரிசையில் நெடுங்காலமாக இருந்து வருவது.