நாவின் முடிச்சும் அறிஞர்களின் தேடலும்

பிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள் படையையோ செல்வத்தையோ கேட்கவில்லை. நெஞ்சம் விரிவடைவதையும், காரியம் எளிதாவதையும், நாவின் முடிச்சு அவிழ்வதையுமே வேண்டினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கோரினார்கள். நாவில் இருந்த முடிச்சு நுபுவ்வத்திற்குத் தடையாகவில்லை என்பது இதில் நமக்குள்ள முதல் பாடம்.

பேச்சுத் தடையை ஆராய்ந்தவர்களின் வரிசையில் பஸராவின் அல்ஜாஹிளுக்கு முக்கிய இடமுண்டு. ஹிஜ்ரி 255இல் மறைந்த அவர், 'அல்பயான் வத்தப்யீன்' என்ற நூலில் பேச்சுக் குறைகளை வகைப்படுத்தினார். 'தா' எழுத்தில் தடுமாறுபவர் தம்தாம். 'ஃபா' எழுத்தில் தடுமாறுபவர் ஃபஃபாஉ. ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறி ஒலிப்பது லுஸ்கா. காஃப், ஸீன், லாம், ரா ஆகிய எழுத்துகளில் அது நேர்வதை அவர் விளக்கினார். 'ரா'வை உச்சரிக்க இயலாத வாஸில் இப்னு அதா, அவ்வெழுத்து வராமலே சொற்பொழிவாற்றியதையும் பதிவு செய்தார். கோதுமையைக் குறிக்க வாஸில் 'புர்ரு' என்னாமல் 'கம்ஹ்' என்பாராம். இவ்விருவரும் முஃதஸிலாக்கள்; அவர்களுடைய கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்த அவதானிப்பின் நுட்பம் மறுக்க இயலாதது. பின்னர் இப்னு ஸீனா (மறைவு 1037), எழுத்தொலிகள் பிறக்கும் காரணங்களைப் பற்றித் தனி நூலே எழுதி, குரல்வளையின் குருத்தெலும்புகளை விவரித்தார்.

ஐரோப்பாவின் வரலாறு வேதனை மிக்கது. 1841இல் பெர்லினின் அறுவை மருத்துவர் டீஃபன்பாக், திக்குவாயைக் குணப்படுத்துவதாக எண்ணி நாவின் அடிப்பகுதியை வெட்டினார். குற்றம் நாவின் தசையில் இருப்பதாக அன்று கருதினர்.

1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கொடியது. தாமும் திக்குவாயரான பேராசிரியர் வெண்டல் ஜான்சன், பெரியவர்கள் 'இது திக்குவாய்' என்று முத்திரை குத்துவதே குழந்தையைத் திக்கச் செய்கிறது என்று கருதினார். அதைச் சோதிக்க, அவருடைய மாணவி மேரி டியூடர் 22 அநாதைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுள் சரளமாகப் பேசிய சிலரிடம், அவர்கள் பேச்சில் கோளாறு இருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் பேசவே அஞ்சி ஒடுங்கினார்கள். 2001இல் இது வெளிச்சத்திற்கு வந்தபின் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் பாதிக்கப்பட்டோருக்கும் வாரிசுகளுக்கும் 9,25,000 டாலர் வழங்க இசைந்தது. யதீம்களை அடக்கி ஒடுக்காதீர் என்று கட்டளையிடப்பட்ட உம்மத் நாம். அறிவின் பெயராலும் அது ஆகுமானதன்று.

அதன்பின் ஆய்வு வேறு திசையில் திரும்பியது. அமெரிக்காவின் டென்னிஸ் டிரேனா குழுவினர், பாகிஸ்தானிய ஆய்வாளர்களுடன் இணைந்து, உறவுமுறைத் திருமணங்கள் மிகுந்த பாகிஸ்தானியக் குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்தனர். 2010இல் சிலருடைய திக்குவாய்க்கு, உயிரணுவின் கழிவகற்றும் பணியோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் காரணம் என்று அறிவித்தனர். ஆகவே இது சோம்பலோ பயமோ வளர்ப்புக் குறையோ அன்று. ஏறத்தாழ நூற்றில் ஐந்து குழந்தைகளுக்கு ஏதேனுமொரு பருவத்தில் திக்குதல் வருகிறது. பெரும்பாலோர் அதிலிருந்து மீள்கின்றனர். நூற்றில் ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது.

மக்தபில் இவ்வறிவு அவசியம். திக்கும் பிள்ளை ஓதும்போது நாம் இடைமறித்துச் சொல்லை முடித்துவைப்பதும், பிறர் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்வதும் அப்பிள்ளையைக் குர்ஆனிலிருந்தே தூரமாக்கிவிடும். சிரமப்பட்டுத் தடுமாறி ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது உள்ளது. அங்கு தடுமாற்றத்தைக் குறிக்கும் 'ததஃதஅ' என்ற சொல்லையே அரபு அறிஞர்கள் திக்குவாயை விளக்கவும் கையாண்டனர். இரு கூலி வாக்களிக்கப்பட்ட நாவை நாம் ஏளனத்திற்கு விட்டுவிடலாகாது. அப்பிள்ளை முடிக்கும்வரை காத்திருப்போம்; தேவையெனில் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோருக்கு எடுத்துரைப்போம். மூஸா (அலை) அவர்களின் துஆவை அப்பிள்ளைக்கும் கற்றுக்கொடுப்போம்.

எல்லாம் அறிந்தவன் அல்லாஹ்வே.